‘99 சதவீதம் நீக்கம்’ என்றால் குடிக்கலாமா? நானோ கவர்பொருள்களின் கணக்கு

தண்ணீரிலுள்ள கன உலோகங்களையும் சாயத்தையும் சில நிமிடங்களில் நீக்கும் நானோ பொருள் கண்டுபிடிக்கப்பட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. கூடவே இரண்டு எண்களும் வரும். ஒன்று, 99 சதவீதம் நீக்கம். மற்றொன்று, ஒரு கிராம் பொருள் இத்தனை நூறு மில்லிகிராம் நஞ்சைப் பிடிக்கும் என்பது. இரண்டும் பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டிலுமே பதில் இல்லை.

முதல் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு 100 மி.கி. ஈயம் கரைத்த நீரில் சோதிக்கிறார்கள். 99 சதவீதம் போய்விட்டால் மீதம் 1 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. மீதமுள்ளது அதைப்போல நூறு மடங்கு. அதே தரநிலையில் ஆர்செனிக்குக்கும் 0.01 தான், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001, மொத்தக் குரோமியத்துக்கு 0.05. ஆகவே கேட்க வேண்டியது எத்தனை சதவீதம் போனது என்பதை அல்ல, எவ்வளவு மிஞ்சியது என்பதைத்தான்.

இரண்டாவது எண்ணின் கதை இன்னும் நுட்பமானது. அதற்கு முன் அடிப்படை.

கவர்தலும் உறிஞ்சுதலும்

பஞ்சு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் வேறொன்றின் அணுக்களோ மூலக்கூறுகளோ ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். ஒட்டவைக்கும் திடப்பொருளை இங்கே கவர்பொருள் என்று சொல்வோம். இதில் வேலை நடப்பது பரப்பில் மட்டுமே என்பதால், ஒரு கிராமில் எத்தனை சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது என்பது முதல் கேள்வியாகிறது.

உருண்டைத் துகளுக்கு இந்தக் கணக்கு எளிது: 6ஐ அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்தால் போதும். காந்த இரும்பு ஆக்சைடான மாக்னடைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 5.2 கிராம். 10 மைக்ரான் துகளாக இருந்தால் ஒரு கிராமுக்குக் கிடைப்பது 0.115 சதுர மீட்டர், ஒரு சிறிய மேசைப்பலகைகூட இல்லை. அதையே 10 நானோமீட்டராக்கினால் 115 சதுர மீட்டர், ஒரு நடுத்தர வீட்டின் தரை. எடை மாறவில்லை, விட்டம் ஆயிரத்தில் ஒன்றானது, பரப்பு ஆயிரம் மடங்கானது. நானோ என்ற சொல்லின் பலம் முதலில் இதுதான்.

பரப்பு மட்டும்தான் விஷயம் என்றால் நானோவே தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டையில் செய்த கிளர்வூட்டிய கரி ஒரு கிராமுக்கு 500 முதல் 1500 சதுர மீட்டர்வரை பரப்பு தரும், விலையும் குறைவு. நிறம், வாடை, குளோரின் ஆகியவற்றை அது நன்றாகப் பிடிக்கும். ஆர்செனிக்கிடம் தோற்றுவிடும், ஏனென்றால் அதன் பரப்பில் ஆர்செனிக்கோடு பிணையும் இடங்கள் குறைவு. பரப்பின் அளவைப்போலவே பரப்பின் குணமும் முக்கியம்.

எது எதைப் பிடிக்கும்: மின்சுமைதான் தரகர்

ஆக்சைடு வகைக் கவர்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுநிலைப் புள்ளி உண்டு. நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, அதைவிடக் குறைந்தால் பரப்பு நேர்மின் ஏற்கும். கூடினால் எதிர்மின் ஏற்கும். இரும்பு ஆக்சைடுகளுக்கு இந்தப் புள்ளி ஏறக்குறைய 7 முதல் 8 வரை, சிலிக்காவுக்கு 2 முதல் 3 வரை. நீரில் நஞ்சு எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. ஈயம், காட்மியம்: நேர்மின் அயனிகள். பி.எச். 5 முதல் 6 வரை நன்றாக ஒட்டும். அதிக அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயத்தில் ஒரு பொறி இருக்கிறது. லிட்டருக்கு 100 மி.கி. போன்ற அடர்ந்த கரைசலில் பி.எச். 6ஐத் தாண்டினால் ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடும். கவர்பொருள் போடாத குடுவையிலும் ஈயம் குறையும். அப்படி ஒரு வெற்றுக் குடுவையை அருகில் வைக்காத சோதனை முடிவை நம்ப வேண்டியதில்லை.

2. ஆறு இணைதிறன் குரோமியம்: குரோமேட், டைகுரோமேட் என்ற எதிர்மின் வடிவங்களில் இருக்கும். பி.எச். 2 முதல் 4 வரை நன்றாகப் பிடிபடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் குவிந்து கிடக்கும் கழிவிலிருந்து மண்ணுக்குள் இறங்குவது இந்த வடிவம்தான். பல கவர்பொருள்கள் இதைப் பிடிப்பதற்குப் பதிலாக மூன்று இணைதிறன் குரோமியமாகக் குறைத்து நீரிலேயே விட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் வழக்கமான டைபினைல்கார்பசைடு நிறச் சோதனை ஆறு இணைதிறனை மட்டுமே காட்டும். நிறம் வராததால் குரோமியமே போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். மொத்தக் குரோமியத்தையும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

3. ஆர்செனிக்: ஐந்து இணைதிறன் வடிவம் எதிர்மின் கொண்டது; இரும்பு ஆக்சைடு அதை விடாப்பிடியாகப் பிடிக்கும். மூன்று இணைதிறன் வடிவம் பி.எச். 9 வரை மின்சுமையே இல்லாமல் திரிவதால் பல கவர்பொருள்களிடமிருந்து நழுவிவிடும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்திலிருந்து வரும் குழாய்க் கிணற்று நீரில் பெரும்பகுதி இதுவாகவே இருக்கலாம். முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும், அல்லது இரண்டையும் பிடிக்கும் பொருள் வேண்டும்.

4. பாதரசம்: கந்தகத்தின் மேல் தீராத நாட்டம். தயால் என்னும் கந்தகக் குழுக்களைப் பரப்பில் பொருத்தினால் போதும்.

100 மி.கி. கொள்ளளவும் ஐந்து நாள் வடிகட்டியும்

இனி அந்த இரண்டாவது எண். கவர்பொருளின் கொள்ளளவு நிலையான எண் அல்ல. சுற்றியுள்ள நீரில் நஞ்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். நீரில் நஞ்சு அதிகமிருந்தால் பரப்பு நிரம்பும். குறைந்தால் பரப்பு பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். இதைச் சமன்பாடாக்கியவர் இர்விங் லாங்முயர். 1918இல் வெளியான வேலை. பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

அவர் சமன்பாட்டில் இரண்டு மாறிலிகள். ஒன்று உச்சக் கொள்ளளவு, பரப்பு முழுக்க நிரம்பினால் பிடிக்கும் அளவு. மற்றது பிடிப்பு மாறிலி, எவ்வளவு குறைந்த செறிவிலும் பிடிக்கும் என்பதன் அளவு. தலைப்புச் செய்தியில் வருவது முதலாவது மட்டுமே.

கற்பனையாக இரண்டு பொருள்களை ஒப்பிடுவோம். முதல் பொருளின் உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 100 மி.கி., பிடிப்பு மாறிலி 0.1. இரண்டாவதன் உச்சம் வெறும் 30 மி.கி., பிடிப்பு மாறிலி 10. நீரில் லிட்டருக்கு 50 மி.கி. மிஞ்சியிருக்கும் நிலையில் முதல் பொருள் கிராமுக்கு 83 மி.கி. பிடித்திருக்கும், இரண்டாவது 30. செய்தியில் முதல் பொருள் வெல்லும். குடிநீர் வரம்பான 0.01 மி.கி.க்கு வந்து பாருங்கள். முதல் பொருள் கிராமுக்கு 0.1 மி.கி., இரண்டாவது 2.7 மி.கி. வெற்றி 27 மடங்கு தலைகீழாகிவிட்டது.

இதை ஒரு வீட்டுக்குப் பொருத்துவோம். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர்; நீரில் லிட்டருக்கு 0.1 மி.கி. ஆர்செனிக், வடிகட்டியில் முதல் பொருள் 100 கிராம். நாளுக்கு உள்ளே வருவது 2 மி.கி. உச்சக் கொள்ளளவை நம்பினால் வடிகட்டி 5,000 நாள், அதாவது 13 ஆண்டுக்கு மேல் ஓட வேண்டும். பாத்திரத்தில் பொடியைக் கலக்கி நீரை இறுத்து எடுக்கும் முறையில் அது நிஜத்தில் ஓடுவது ஐந்தரை நாள்.

குழாய்ப் படுக்கையாக நிரப்பி நீரை மேலிருந்து விட்டால் நிலைமை மேம்படும். காரணம் எளிது. பாத்திரத்தில் எல்லாத் துகளும் சுத்தமான இறுதி நீரோடு சமநிலைக்கு வர வேண்டும். படுக்கையிலோ மேலடுக்கு அழுக்கான புதுநீரோடு சமநிலைக்கு வருகிறது. கீழடுக்கு மிச்சத்தைத் துடைக்கிறது. அதே பொருள் 0.1 மி.கி. செறிவில் கிராமுக்கு 1 மி.கி. பிடிக்கும் என்பதால் அதிகபட்சம் 50 நாள். இரண்டாவது பொருளானால் இதே கணக்கில் 750 நாள். நிஜ நீரில் இதுவும் குறையும். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் ஆர்செனிக்கின் இடங்களுக்கே போட்டியிடும், வங்காள நிலத்தடி நீரில் பாஸ்பேட் தாராளம். காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சோதித்த கொள்ளளவை அப்படியே வைத்து வடிகட்டி வடிவமைத்தால் பாதி வழியில் கைவிடும்.

மாக்னடைட் செய்யும் முறையும் அதில் கெடுவதும்

ஆய்வுக்கூடங்களில் அதிகம் செய்யப்படும் நானோ கவர்பொருள் இதுதான். இணைவீழ்படிவு முறை, கல்லூரி அளவிலேயே செய்யலாம். புகைபோக்கி அறை கட்டாயம்.

1. 100 மி.லி. நீரில் அரை மணி நேரம் நைட்ரஜன் ஊதிக் கரைந்த ஆக்சிஜனை விரட்டுங்கள்.
2. பெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.41 கிராம், பெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 1.99 கிராம் கரையுங்கள். மோல் விகிதம் 2க்கு 1.
3. நைட்ரஜன் ஓட்டத்தை நிறுத்தாமல் 60 முதல் 70 டிகிரியில் வேகமாகக் கலக்கியபடி, 25 சதவீத அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பி.எச். 10ஐ எட்டுங்கள். கரைசல் கறுக்கும். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.
4. காந்தத்தை அடியில் வைத்துத் துகளை இழுத்து, மேல்நீரைக் கொட்டி, நான்கைந்து முறை கழுவுங்கள். கழுவிய நீரில் ஒரு துளி நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். வெண்கலங்கல் வராவிட்டால் குளோரைடு போய்விட்டது.

கோட்பாட்டு விளைச்சல் 2.3 கிராம்.

கறுப்புக்குப் பதில் பழுப்பு வந்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெரஸ் உப்பு புட்டியிலேயே ஆக்சிஜனேறிவிட்டது. பெரிக் குளோரைடு ஈரம் குடிக்கும் உப்பு. திறந்து வைத்த புட்டியிலிருந்து நிறுத்தால் எடையில் தண்ணீரும் சேர்ந்து விகிதம் தப்பும். அடுப்பில் 100 டிகிரிக்கு மேல் உலர்த்தினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த 115 சதுர மீட்டரில் பெரும்பகுதி அங்கேயே தொலையும். கூழாகவே வைத்துக்கொண்டு, ஒரு பகுதியை மட்டும் உலர்த்தி எடை கணக்கிடுவது நல்லது. பி.எச். 3க்குக் கீழே போகும் நீரில் இதைப் போட்டால் இரும்பே கரையத் தொடங்கும்.

காந்தம் வேலை செய்யும் என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சிறிய துகளை இழுக்க மிகப் பெரிய காந்தப்புலம் வேண்டும் என்று நினைத்தார்கள். 12 நானோமீட்டர் மாக்னடைட் துகள்களைச் சாதாரணக் கைக்காந்தத்தின் அளவுப் புலத்திலேயே பிரிக்கலாம் என்று அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2006இல் காட்டியது. ஆர்செனிக் பிடித்த துகளையும் அப்படியே பிரித்தார்கள்.

அளவீட்டில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சோதனை முடிந்த நீரை வடிதாளில் வடித்து அளப்பார்கள். 10 நானோமீட்டர் துகளுக்கு வடிதாள் திறந்த கதவு. 0.45 மைக்ரான் சவ்வும் அப்படியே. நஞ்சைச் சுமந்த துகள் மாதிரியோடு கடந்துவந்துவிடும். சாயச் சோதனையில் நேர்மாறு நடக்கும்: சாயத்தை வடிதாளே பிடித்துக்கொள்ளும், பெயர் கவர்பொருளுக்குப் போகும். மையவிலக்கியில் சுற்றி மேல்நீரை எடுப்பதே சரி.

பொடியிலிருந்து மணிக்கு

வீட்டுக்கும் ஊருக்கும் பொடி உதவாது. குழாயில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். மிதந்து வெளியேறினால் அதுவே புதிய மாசு. நானோ துகளை ஏதாவது ஒன்றில் கட்டிப்போட்டு, மணல்போல ஓடும் மணியாக்க வேண்டும். கட்டும் பசை பரப்பை மூடிவிடக் கூடாது. துறையில் உண்மையான சிரமம் இங்கேதான் இருக்கிறது; புதுப்புதுப் பொடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் தலப்பில் பிரதீப் குழு முக்கியமானது. பெரிஹைட்ரைட் என்னும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடின் நானோ வடிவத்தை, இறால் நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் சிறைவைத்தார்கள். பெரிஹைட்ரைட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. நாளாக ஆக, பரப்பு குறைந்த நிலையான இரும்புக் கனிமமாக மாறிவிடும். கைட்டோசான் கூண்டு அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. மூன்று, ஐந்து இணைதிறன் ஆர்செனிக் இரண்டையும் பிடிக்கிறது. அம்ரித் என்ற பெயரில் ஆர்செனிக் பாதித்த பகுதிகளில் நிறுவப்பட்டது. இதற்காக 2022இல் சவூதியின் இளவரசர் சுல்தான் நீர்ப் பரிசு பிரதீப்புக்குக் கிடைத்தது.

நானோ என்ற அடைமொழி இல்லாமலும் வெற்றி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. வங்கதேசத்தில் பிறந்த வேதியியலர் அபுல் ஹுசாம், பதப்படுத்திய இரும்புத் துருவலும் மணலும் கரியும் வாளிகளில் அடுக்கிச் செய்த சோனோ வடிகட்டிக்கு 2007இல் கிரெய்ஞ்சர் பரிசு வென்றார். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன்மேல் உருவாகும் புது ஆக்சைடுதான் அங்கே கவர்பொருள்.

சாயம்: மெத்திலீன் நீலமும் திருப்பூரும்

சாய நீக்க ஆய்வுகளில் பெரும்பங்கு மெத்திலீன் நீலத்தில் செய்யப்படுகிறது. மலிவு, 664 நானோமீட்டர் ஒளியில் எளிதாக அளக்கலாம், நேர்மின் கொண்டதால் எதிர்மின் பரப்புள்ள எதன்மேலும் ஒட்டும். கிராபீன் ஆக்சைடு, களிமண், மரத்தூள், ஏன், கண்ணாடிக் குடுவைமேலும்தான். சோதனைக்கு அது நல்ல பிள்ளை.

திருப்பூரில் பருத்தி பின்னலாடைக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அது நேர் எதிர்: சல்போனேட் குழுக்களால் எதிர்மின் கொண்டது. துணியில் ஏற வைக்கச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு, பிறகு சோடா. வெளியேறும் நீர் காரத்தன்மை மிகுந்தது. அந்த பி.எச்.சில் இரும்பு ஆக்சைடின் பரப்பும் எதிர்மின், சாயமும் எதிர்மின், ஒன்றையொன்று தள்ளும். சாயத்தொட்டியில் சேர்க்கும் கிளாபர் உப்பின் (சோடியம் சல்பேட்) சல்பேட் அயனிகள் வேறு போட்டிக்கு நிற்கும். அமிலம் விட்டு நடுநிலையாக்கி, நேர்மின் அமீன் குழுக்கள் கொண்ட கவர்பொருளையோ மக்னீசியம்-அலுமினிய அடுக்கு ஹைட்ராக்சைடையோ பயன்படுத்தினால் வேலை நடக்கும். மெத்திலீன் நீலத்தில் கிடைத்த எண்ணை வைத்து அதைக் கணிக்க முடியாது.

அளவையும் பார்க்க வேண்டும். நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வெளியேற்றும் ஒரு சாயப்பட்டறை, நீரில் லிட்டருக்கு 50 மி.கி. சாயம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 25 கிலோ சாயம். கிராமுக்கு 100 மி.கி. பிடிக்கும் நல்ல பொருளானாலும் நாளுக்கு 250 கிலோ வேண்டும். அதே நீரில் உப்பு லிட்டருக்கு 6 கிராம் என்றால் நாளுக்கு 3 டன். கவர்பொருள் அதைத் தொடாது. நிறமில்லாத, ஆனால் உப்புக் கரிக்கும் நீர்தான் மிஞ்சும்.

நொய்யல் கரை விவசாயிகளின் வழக்கில் நிலத்தைக் கெடுத்ததாகச் சொல்லப்பட்டதில் இந்த உப்புக்கே பெரிய பங்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. பிறகு திறந்தவை கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு வர வேண்டியிருந்தது. உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., ஆவியாக்கி என்ற அந்தச் சங்கிலியில் கவர்பொருளுக்கு இடம் உண்டு: ஆர்.ஓ. சவ்வை அடைக்கும் மிச்ச நிறத்தை முன்கூட்டி எடுப்பதற்கும், திரும்பப் பயன்படுத்தும் உப்புக்கரைசலின் நிறத்தைப் போக்குவதற்கும். முழுச் சுத்திகரிப்பையும் ஒரு பொடியே முடித்துவிடும் என்ற செய்தியை அந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

பிடித்தாயிற்று, எங்கே போடுவது?

கவர்தல் நஞ்சை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்துத் திடப்பொருளில் சேர்க்கிறது. அடுத்து இரண்டு வழி.

முதல் வழி, கழுவி மீண்டும் பயன்படுத்துவது. ஈயத்தையும் காட்மியத்தையும் நீர்த்த அமிலத்தாலும், ஆர்செனிக்கைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலாலும், பல சாயங்களை எத்தனாலாலும் கழற்றலாம். ஐந்து சுழற்சிக்குப் பிறகும் 90 சதவீதத் திறன் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓர் ஆலைக்கு ஐந்து சுழற்சி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கழுவிய கரைசலோ முன்பைவிட அடர்ந்த நஞ்சு. அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, புதைப்பது. நஞ்சு கசிகிறதா என்று பார்க்க டி.சி.எல்.பி. என்னும் கசிவுச் சோதனை உண்டு. ஆர்செனிக்குக்கும் ஈயத்துக்கும் லிட்டருக்கு 5 மி.கி. எல்லை. ஆர்செனிக் பிடித்த இரும்பு மணிகள் இதில் எளிதாகத் தேறிவிடும். இங்கேதான் கவனம் வேண்டும். அந்தச் சோதனை மென்மையான அமிலத்தில் பதினெட்டு மணி நேரம் குலுக்குவது. இரும்பும் ஆர்செனிக்கும் பிரிவது அமிலத்தால் அல்ல, ஆக்சிஜன் இல்லாமையால். வங்காள டெல்டாவின் அடியில் நடந்ததே அதுதான்: புதைந்த தாவரச் சத்தை நுண்ணுயிர்கள் தின்று ஆக்சிஜனைத் தீர்த்தன, இரும்புக் கனிமம் கரைந்தது, அது பிடித்துவைத்திருந்த ஆர்செனிக் நிலத்தடி நீரில் கலந்தது. ஆயுள் முடிந்த வடிகட்டி மணிகளைச் சாணக்குழியிலோ ஊர்க் குப்பைமேட்டிலோ கொட்டினால் அதே வேதியியல் சிறிய அளவில் திரும்ப நடக்கும்.

ஆகவே ஆயுள் முடிந்த மணிகளை ஈரக்குப்பையோடு சேர்க்காமல், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, வடிகட்டியை வைத்தவரே திரும்ப எடுத்துச் செல்ல ஏற்பாடு வேண்டும். ஆலைக்கழிவானால் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற இடத்துக்கே போக வேண்டும். வடிகட்டி வாங்கும் ஊராட்சி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று எண்களை எழுத்தில் கேட்கலாம்: எங்கள் ஊர் நீரிலேயே சோதித்தபோது வெளியேறும் நீர் 0.01 மி.கி.யைத் தொட்டது எத்தனையாவது லிட்டரில், மணிகளை மாற்ற ஒருமுறைக்கு என்ன செலவு, பழைய மணிகளை எடுத்துப்போவது யார் செலவில்.